மாமாவின் போனில் இரண்டு கடல்

மாமா திரேஸ்புரத்திலிருந்து சைக்கிளில் வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "மருமவனே, இந்தப் போனுக்குள்ள ரெண்டு கடலு இருக்குல. ஒரு நாளு ஒண்ணைக் காட்டுது, மறுநாளு இன்னொண்ணைக் காட்டுது. ரெண்டையும் சேத்துக் காட்டச் சொன்னா மாட்டேங்கு."

நான் சிரித்துவிட்டேன். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அந்தக் கோளாறை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது என்று. அவர் சொன்னதை அப்படியே நம்பியிருந்தால் முதல் நாள் ராத்திரியே முடிந்திருக்கும் வேலை.

போன் என்னுடைய பழைய போன். 2017-ல் வாங்கியது. தயாரித்தவர்கள் அப்டேட் கொடுப்பதை நிறுத்தியதும் பூட்லோடரைத் திறந்து, லீனியேஜ் என்ற மாற்று ஆண்ட்ராய்டு ரோம் ஏற்றி, ரூட் செய்து, அதாவது முழு அதிகாரத்தையும் கையில் எடுத்து, வைத்திருந்தேன். சயனோஜென்மாட் என்ற பழைய மாற்று ரோம் 2016 டிசம்பரில் கடையை மூடியபோது அதன் மூலநிரலை எடுத்துக்கொண்டு தன்னார்வலர்கள் தொடங்கியதுதான் லீனியேஜ். பழைய போனுக்கு இரண்டாம் ஆயுள் கொடுப்பதில் அதற்கு நிகர் கிடையாது. 2019-ல் நான் புதுப் போன் வாங்கியபோது பழையது மாமாவிடம் போனது. "கடலுக்குக் கொண்டுபோக ஒண்ணு கிடைக்குமால?" என்று அவர் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

இந்தக் கிறுக்கு எனக்கு எங்கிருந்து வந்தது என்று வீட்டில் கேட்பார்கள். தமிழால் வந்தது. மிகைப்படுத்தவில்லை. கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய முதல் ஆண்ட்ராய்டு போன் ஜிஞ்சர்பிரெட். அதில் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபரா மினியில் ஒரு ரகசிய அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எழுத்துகளைப் படமாக அனுப்பச் சொல்லி வலைப்பதிவுகளைப் படித்த தலைமுறை நாங்கள். போன் முழுக்கத் தமிழ் தெரிய வேண்டுமென்றால் ரூட் செய்ய வேண்டும். சிஸ்டம் பகுதி படிக்க மட்டும் என்று மவுன்ட் ஆகியிருக்கும். அதை எழுதவும் என்று திரும்ப மவுன்ட் செய்து, எழுத்துருக் கோப்பை உள்ளே தள்ள வேண்டும். தள்ளினேன். கட்டங்கள் போயின. ஆனால் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் எந்திரம் உள்ளே இல்லாததால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றன. ஆண்ட்ராய்டு 4 வந்த பிறகுதான் அந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்தது. தமிழ் படிக்க ஆசைப்பட்டு மவுன்ட் என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட ஆட்கள் என் வயதில் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள். இப்போது அந்த வழியெல்லாம் அடைத்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு 10-லிருந்து சிஸ்டம், வெண்டார் எல்லாம் சூப்பர் என்ற ஒரே பெரிய பகுதிக்குள் அடக்கம். அதில் கைவைத்து எழுதுவது லேசில்லை.

மாமாவிடம் வருகிறேன்.

அவர் தூண்டில்காரர். வள்ளத்தில் போய்ப் பார்களின் மேல் நின்று களவா, விளமீன், சீலா பிடிப்பவர். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: பார் என்றால் இங்கே டாஸ்மாக் பக்கத்தில் இருப்பது அல்ல, கடலடியில் பரந்து கிடக்கும் பாறைத் திட்டு. முத்துச்சிப்பி ஒட்டி வளர்ந்தது இந்தப் பார்களில்தான். தூத்துக்குடிப் பக்கம் பெரிய அளவில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். குளியாளிக்கு எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. மாமாவின் அப்பா அதில் குளித்தவர். அதன் பிறகு முத்து போய்ச் சங்கு வந்தது, சங்கு குறைந்து தூண்டில் வந்தது. பார்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தொலையரம் பார் போன்ற பெயர்கள் அரசாங்க அறிக்கைகளிலும் உண்டு. பெயரே எழுதப்படாத சின்னப் பார்கள்தான் ஆளாளுக்குச் சொத்து.

கரையைப் பார்த்தே கடல்காரர்கள் இடம் பிடிப்பார்கள். பனிமய மாதா கோயில் உச்சியும் வேறொரு அடையாளமும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். இன்னொரு பக்கம் முயல்தீவு கலங்கரை விளக்கமும் ஏதோ ஒரு பனையும் நேராக வரவேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நங்கூரம். 1979-ல் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்ததில் கடல்காரர்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் மின்சாரம் அல்ல, புகைபோக்கி என்பார் மாமா. அவ்வளவு தூரத்திலிருந்து தெரியும். ஆனால் கரை கண்ணுக்கு மறையும் தூரத்துக்குப் போய்விட்டால் இந்த வித்தை செல்லாது. அங்கேதான் போன். ஒரு வரைபட ஆப்பில் போகும் பாதையைப் பதிந்து, நல்ல இடம் வந்தால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வார். ஒரு நாளைக்கு ஒரு கோப்பு.

அன்றைக்கு வந்த பிரச்சினை அதில்தான். போன வாரம் கரை தெரியாத தூரத்தில் புதிதாக ஓர் இடம் அகப்பட்டிருக்கிறது. களவா நல்ல பாடு. புள்ளி வைத்தார். இப்போது அந்தப் புள்ளி இல்லை.

போனை வாங்கிப் பார்த்தேன். ஆப்பின் கோப்புறையில் 200-க்குச் சற்று மேல் கோப்புகள். ஒரு வாரத்துக்கு முந்தையவை இருந்தன. அந்த நாளுடையது இல்லை. "சேவ் பண்ணினீங்களா மாமா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவர் கொஞ்சம் தயங்கி, "பண்ணினேன்னுதான் நெனைக்கேன்" என்றார்.

மெமரி கார்டுதான் குற்றவாளி என்று முடிவு கட்டினேன். 32 ஜிபி கார்டு, உப்புக்காற்றில் ஐந்து வருசம். கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு, எதையும் தொடுவதற்கு முன் முழுக் கார்டையும் ஒரே படிமமாக நகல் எடுத்தேன். மூன்று நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது. பிறகு கார்டைச் சோதித்தேன். சின்னச் சின்னப் பிழைகள்; மற்றபடி உயிரோடுதான் இருந்தது. அழிந்த கோப்புகளைத் தேடும் நிரலை ஓட்டினேன். யாரோ அனுப்பிய குட் மார்னிங் படங்கள் வந்தன, களவாப் புள்ளி வரவில்லை.

மறுநாள் காலை மாமா போனை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய், சாயங்காலம் மறுபடியும் வந்தார். முகத்தில் பாதிச் சந்தோசம். "அது வந்துட்டுல! களவா எடம் வந்துட்டு. ஆனா மத்ததெல்லாம் போச்சு."

கோப்புறையைத் திறந்தேன். 63 கோப்புகள். முந்தைய நாள் பார்த்த 200-ல் ஒன்றுகூட இல்லை. இந்த 63-ல் ஒன்றையும் நான் முந்தைய நாள் பார்த்ததில்லை. நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, கடலில் சார்ஜ் இறங்கிப் போன் அணைந்துவிட்டது, வள்ளத்துப் பேட்டரியில் போட்டு ஏற்றித் திரும்ப எழுப்பினேன் என்றார். பிறகு இயல்பாக ஒரு வார்த்தை சொன்னார்: "இது எப்பவும் உள்ளதுதான மருமவனே. அணைச்சுப் போட்டா பழசு வந்துரும். தண்ணி சில நாளு தெளிஞ்சு கிடக்கும், சில நாளு கலங்கிக் கிடக்கும்லா, அது மாதிரி."

ஐந்து வருசமாக அவர் இதைக் கடலின் குணம் போல ஏற்றுக்கொண்டிருந்திருக்கிறார்.

இங்கே மவுன்ட் என்றால் என்ன என்று சொல்லாமல் மேலே போக முடியாது. விண்டோஸ் பழகியவர்களுக்கு ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு தனி வீடு: சி, டி, ஈ. யூனிக்ஸ் வம்சத்தில் அப்படி இல்லை. ஒரே மரம், ஒரே வேர். புது டிஸ்க் வந்தால் மரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கிளையில், அதாவது ஒரு கோப்புறையில், கொண்டுபோய்க் கட்டுகிறோம். கட்டும் இடம்தான் மவுன்ட் பாயின்ட். டிஸ்க் தட்டுகளை ஆள் தூக்கி எந்திரத்தில் மாட்டிய காலத்துச் சொல் அது; 1971-ல் வந்த முதல் யூனிக்ஸிலேயே அந்தக் கட்டளை உண்டு. ஆண்ட்ராய்டுக்கு உள்ளே இருப்பதும் லினக்ஸ்தானே.

எனக்குத் துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கணக்கெழுதும் வேலை என்பதால் பெர்த் உவமைதான் முதலில் வரும். கப்பல் வெளியே நங்கூரத்தில் நிற்கிறது. சரக்கு உள்ளேதான் இருக்கிறது. பெர்த்தில் கட்டினால்தான் கிரேன் எட்டும். 1974-ல் புதுத் துறைமுகம் திறப்பதற்கு முன்னால் கடல் ஆழமில்லாமல் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளியே நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கின் ஒரு பகுதி, இருக்கிறது ஆனால் மவுன்ட் ஆகவில்லை என்றால் அந்த நிலைமைதான். தரவு தொலையவில்லை, கரைக்கு வரவில்லை.

ஆனால் இந்த உவமை ஓர் இடத்தில் கவிழும். அந்த இடம்தான் முக்கியம். கட்டும் இடம் வெறும் கோப்புறை. எதையும் கட்டாதபோதும் அது கோப்புறையாகவே இருக்கும். அதற்குள் எழுதலாம். எழுதினால் எழுத்து அந்தக் கோப்புறை எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். பிறகு அதன்மேல் வேறொரு டிஸ்க்கைக் கட்டினால், அடியில் எழுதியது அழியாது, ஆனால் கண்ணுக்கு மறைந்துவிடும். அவிழ்த்தால் திரும்பத் தெரியும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று இன்றைக்கும் எழுதுகிறோம். அதில் எங்கள் பக்கத்து விலங்குசல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்ப் பல வருசம் ஆகிறது. பட்டியலில் பெயர் மேலே இருக்கிறது, மண் கீழே இருக்கிறது. அது மாதிரி.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு ராத்திரி புத்தி அந்தப் பக்கம் போகவில்லை. நேராக ரெக்கவரி என்ற மீட்புச் சூழலுக்குள் போனேன். டீம்வின் ரெக்கவரி எழுந்தது. சேமிப்பகம் என்ற இடத்தில் காட்டியது: பூஜ்யம் எம்பி. கீழே சிவப்பு எழுத்தில், டேட்டா பகுதியை மவுன்ட் செய்ய முடியவில்லை.

ரோம் மாற்றி விளையாடும் எல்லோருக்கும் இந்தப் பூஜ்யம் ஒருமுறையாவது தரிசனம் தந்திருக்கும். கை நடுங்கும். இணையத்தில் தேடினால் பத்தில் எட்டுப் பேர் சொல்லும் வைத்தியம் ஒன்றே: ஃபார்மட் டேட்டா போய், யெஸ் என்று தட்டச்சு செய், சரியாகிவிடும். ஆமாம், சரியாகிவிடும். காலில் முள் குத்தியதற்குக் காலை எடுப்பது மாதிரி. அந்த யெஸ்ஸை அடித்திருந்தால் 63 கோப்புகளும் அந்த நிமிசமே போயிருக்கும். ஆள் ஏமாறுவது இன்னோர் இடத்திலும்: வைப் என்ற சாதாரணக் கட்டளை படங்கள், கோப்புகள் இருக்கும் மீடியா கோப்புறையை விட்டுவைக்கும், ஃபார்மட் டேட்டா எதையும் விட்டுவைக்காது. இரண்டும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

பூஜ்யத்துக்குப் பெரும்பாலும் காரணம் சாவி. டேட்டா பகுதி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். ரெக்கவரிக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை என்றால், உள்ளே இருப்பது அதற்கு அர்த்தமில்லாத எண்குவியல். இந்தப் போனில் ரெக்கவரி 2018-ஆம் வருசத்தது, ரோம் அதற்கப்புறம் நிறையப் பாதுகாப்புத் திருத்தம் வாங்கியது. சாவியை அந்தத் திருத்தத் தேதியோடு சேர்த்துப் பூட்டிவைப்பது ஆண்ட்ராய்டின் வழக்கம். பழைய ரெக்கவரி போய்க் கேட்டால் கொடுக்காது. புது ரெக்கவரியை ஏற்றினால் பின் நம்பர் கேட்டு ஒழுங்காகத் திறக்கும். இதைவிட்டால் இன்னொரு காரணம் கோப்பமைப்பு மாறிப்போவது: ரோமின் பட்டியல் ஈஎக்ஸ்டி4 என்று எதிர்பார்க்கும், டேட்டா எஃப்2எஃப்எஸ் ஆக இருக்கும், அல்லது நேர்மாறாக. இதுவும் தரவு அழிந்ததாக அர்த்தமில்லை.

நான் எதுவும் அடிக்காமல் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தேன். தைரியத்தால் அல்ல, சோர்வால்.

மறுநாள் மத்தியானம் கேண்டீனில் டீ குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் போனில் உள்ளிருப்புச் சேமிப்பகம் 16 ஜிபிதான். கடல் வரைபடத்தின் படத்துண்டுகளே ஜிபிக்கணக்கில் தின்றன. அந்த ஆப்போ உள்ளிருப்பில் ஒரு குறிப்பிட்ட கோப்புறையைத் தவிர வேறெங்கும் எழுத மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆகவே 2019-ல், போனை மாமாவிடம் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி, ரூட் செய்ய உதவிய மேஜிஸ்க் என்ற கருவியின் தொடக்க நிரல்களோடு ஆறு வரியில் நான் ஒன்றை எழுதிச் சேர்த்திருந்தேன். போன் எழுந்ததும் கார்டில் உள்ள கோப்புறையைத் தூக்கி, உள்ளிருப்பில் உள்ள கோப்புறையின்மேல் கட்டு. பைண்ட் மவுன்ட் என்பார்கள். ஆப் தன் வீட்டில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு கார்டில் எழுதும். கார்டு தயாராகக் கொஞ்ச நேரம் எடுக்குமே என்று முதல் வரியில் ஒரு கட்டளை: முப்பது நொடி தூங்கு.

அந்த முப்பது எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் இல்லை. என் மேசைமேல், நல்ல பேட்டரியோடு, காலிக் கார்டோடு அது போதுமானதாக இருந்தது.

ஆண்ட்ராய்டில் கார்டைக் கட்டும் வேலை வோல்ட் என்ற பின்னணி நிரலுடையது. அது சும்மா கட்டாது. முதலில் கார்டின் கோப்பமைப்பைச் சோதிக்கும். பிழை கண்டு திருத்தினால், திருத்தியது சரிதானா என்று மறுபடியும் முதலிலிருந்து சோதிக்கும். இப்படிச் சில சுற்று போகும். ஒழுங்காக அணைத்து எழுப்பிய நாளில் பிழை இராது, ஒரே சுற்று, முப்பது நொடிக்குள் கார்டு தயார், என் நிரல் கட்டிவிடும். கடலில் பேட்டரி செத்து எழுப்பிய நாளில் கார்டு அரைகுறையாக விடப்பட்டிருக்கும். இரண்டு மூன்று சுற்று. முப்பதாவது நொடியில் என் நிரல் விழித்து, கார்டைத் தேடி, காணாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துப்போகும். அதற்குப் பின் கார்டு வந்து சேரும். யாரும் கட்ட மாட்டார்கள். அன்றைக்கு ஆப் எழுதுவதெல்லாம் அடியில் உள்ள கோப்புறைக்குப் போகும். அடுத்த தடவை ஒழுங்காக அணைத்துப் போட்டால், அன்றைய கடல் பழைய கடலுக்கு அடியில் முங்கிவிடும்.

எட்டு வருசப் பேட்டரி, 20 சதவீதம் காட்டிக்கொண்டே திடீரென்று அணையும் ரகம். ஆக ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை இது நடந்திருக்கிறது.

சாயங்காலம் சோதித்துப் பார்த்தேன். லேப்டாப்போடு இணைத்து ஏடிபி என்ற கட்டளைக் கருவி வழியாக உள்ளே போய், என்னென்ன எங்கெங்கே கட்டியிருக்கிறது என்ற பட்டியலை எடுத்தேன். நடந்துகொண்டிருக்கும் உண்மையைச் சொல்வது இந்தப் பட்டியல் ஒன்றுதான். கோப்பு மேலாளர் காட்டுவது எல்லாம் நமக்காக அலங்கரித்த காட்சி. போனில் எல்லோரும் பார்க்கும் முதன்மைச் சேமிப்பகத்தின் பெயர் எமுலேட்டட், அதற்குள் பூஜ்யம். எமுலேட்டட் என்றாலே பாவனைதான். நிஜக் கோப்புகள் டேட்டா பகுதியின் மீடியா கோப்புறைக்குள் இருக்கின்றன. பூஜ்யம் என்பது முதல் பயனர், ஆண்ட்ராய்டு 4.2-ல் ஒரு கருவியைப் பலர் பயன்படுத்தும் வசதி வந்ததிலிருந்து இந்த எண்.

கட்டியதை அவிழ்க்கும் கட்டளை கொடுத்தேன். பிழை எதுவும் இல்லை. கோப்பு மேலாளரைத் திறந்தால் அதே 200. எனக்கு ஒரு நிமிடம் தலை சுற்றியது. பிறகு புரிந்தது: ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்புக்கும் மவுன்ட் பட்டியல் தனித்தனி. என் ரூட் முனையத்தில் அவிழ்த்தது என் பட்டியலில் மட்டும். எல்லோருக்கும் பொதுவான தாய்ப் பட்டியலில் போய் அவிழ்க்க வேண்டும். ரூட் கேட்கும்போதே அதற்கென்று ஒரு விருப்பக்குறி கொடுக்க வேண்டும். அதிலும் ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு ஒரே சேமிப்பகத்துக்கு அனுமதியைப் பொறுத்து மூன்று வேறு காட்சிகள். 2019-ல் நான் மூன்றிலும் கட்டியிருந்தேன், மூன்றையும் அவிழ்த்தேன்.

63 கோப்புகள் மேலே வந்தன. தேதி வாரியாக அடுக்கினேன். 2019 நவம்பரில் ஒன்று. 2020-ல் ஒன்பது. அப்படியே போன வாரம் வரைக்கும். ஐந்து வருசத்தில் மாமா கடலுக்குப் போய்ப் பதிந்து, கரைக்கு வந்து தேடி, கிடைக்காத 63 நாட்கள்.

போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப நான் சேவ் பண்ணித்தான் இருக்கேன்?" என்றார்.

"பண்ணித்தான் இருக்கீங்க மாமா. தப்பு என் மேலதான்."

"இல்லல, வயசாவுது, அமுக்குதோமா அமுக்கலயான்னு மறந்துருதோம்னுல்லா நெனச்சிட்டிருந்தேன். உங்க அத்தைகிட்டக்கூடச் சொன்னேன், மண்டை மழுங்குதுன்னு."

இதை எழுதவே இந்தப் பதிவு. தொழில்நுட்பக் குறிப்பாக எழுதினால் நாலு பத்தியில் முடிந்திருக்கும். என்னைப் போல அரைகுறையாகத் தெரிந்தவர்கள் குடும்பத்துக்கு ஒருவர் இருக்கிறோம். அப்பாவின் போன், சித்தியின் டிவி, மாமாவின் கார்டு எல்லாவற்றிலும் ஏதோ ஒரு ராத்திரி ஆறு வரி எழுதிவிட்டு, அது வேலை செய்வதைப் பார்த்துப் பூரித்து, மறந்துவிடுகிறோம். அது தவறும்போது தவறியது நிரல் என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. தங்கள் விரலைச் சந்தேகப்படுகிறார்கள், ஞாபகத்தைச் சந்தேகப்படுகிறார்கள். கரையில் ஒரு கோபுரத்தையும் ஒரு பனையையும் வைத்து நடுக்கடலில் பாறையைக் கண்டுபிடிக்கிற மனிதர், ஒரு பொத்தானை அமுக்கினோமா என்று ஐந்து வருசம் குழம்பியிருக்கிறார். நான் முப்பது என்று போட்டதால்.

சரி, சரிசெய்தது எப்படி? இரண்டு கடலையும் லேப்டாப்பில் ஒன்றாக்கினேன். கோப்பின் பெயரே தேதி என்பதால் மோதல் அதிகமில்லை. ஒரே நாளில் இரண்டு உலகத்திலும் எழுதிய சிலவற்றுக்கு மட்டும் பெயரில் காலை, மாலை என்று சேர்த்தேன். பிறகு நிரலைத் திருத்த உட்கார்ந்தேன். முப்பது நொடியை எடுத்துவிட்டு, கார்டு உண்மையிலேயே கட்டப்பட்டிருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்துப் பார்த்துக் காத்திருக்கும் சுழற்சி ஒன்றை எழுதினேன். கார்டு வராமலே போனால்? அடியில் உள்ள கோப்புறைக்குள் யாரும் எழுத முடியாதபடி அசையாப் பண்பு வைத்துவிடலாம். அப்போது ஆப் சத்தம் போட்டுப் பிழை காட்டும், மௌனமாகத் தப்பான இடத்தில் எழுதாது. சர்வர் பார்ப்பவர்கள் காலங்காலமாகச் செய்யும் தந்திரம் இது.

எழுதி முடித்து, ஓட்டிப் பார்த்து, திருப்தியாகி, கடைசியில் மொத்தத்தையும் அழித்தேன். வாட்ஸ்அப் வீடியோக்களை நீக்கினால் ஆறு ஜிபி வந்தது. பழைய வரைபடத் துண்டுகளில் பாதி கன்னியாகுமரிக்கு அப்பால். மாமா போகாத கடல். அதையும் நீக்கினேன். எல்லாம் உள்ளிருப்பிலேயே கொள்ளும்போது கட்டுவானேன், அவிழ்ப்பானேன். புதுப் பேட்டரியும் போட்டாயிற்று.

இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்களுக்காக, தோன்றுகிற வரிசையில் சில. கார்டை உள்ளிருப்பாகவே ஏற்றுக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டு 6-ல் வந்தது. அப்படிச் செய்திருந்தால் கார்டின் சாவி போனின் டேட்டா பகுதிக்குள் இருக்கிறது, போனை ஃபார்மட் செய்தால் கார்டும் சேர்ந்து செத்தது என்று அர்த்தம். ஒருநாள் ஆறுதலாக இருக்கும்போதே ஈஎஃப்எஸ், பெர்சிஸ்ட், மோடம் தொடர்பான பகுதிகளை நகல் எடுத்து வேறெங்காவது வையுங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ காணாமல் போனபிறகு எடுக்க ஒன்றும் இருக்காது. எந்தப் பகுதிக்கு எந்த எண் என்று இன்னொரு போனின் பட்டியலைப் பார்த்து நம்பாதீர்கள். உங்கள் போனிலேயே பெயர் வாரியான பட்டியல் இருக்கிறது. இரண்டு சேமிப்பகம் உள்ள பழைய போன்களில் ரோம் மாற்றினால் உள்ளிருப்பும் கார்டும் இடம் மாறி மவுன்ட் ஆவது அந்தக் காலத்தில் சாதாரணம். காலியாகத் தெரிந்தால் மற்ற கதவையும் தட்டிப் பாருங்கள். ஒரு கோப்பு சில நாள் இருந்து சில நாள் இல்லையென்றால் அது அழியவில்லை, எதற்கோ அடியில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமா வீட்டுக்குப் போனேன். போனை மேசைமேல் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒரே வரைபடத்தில் காட்டினேன். அத்தை மக்ரூன் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, "அப்ப மண்டை மழுங்கல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இது விளமீன். இது நானும் சின்னவனும் போனது. இது காத்து மாறி ஓடி வந்த அன்னைக்கு. 2020-ல் ஓர் இடத்தில் மட்டும் மூன்று நாளில் மூன்று புள்ளி, கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று.

"மாமா, இது பெரிய பார் போலிருக்கே" என்றேன். ஐந்து வருசமாக மறைந்து கிடந்த பொக்கிசத்தை மீட்டுவிட்ட பெருமை குரலில் தெரிந்திருக்கும்.

அவர் போனைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"இது பாரு இல்லல. கஞ்சி குடிக்க நாங்க வழக்கமா நிக்கிற எடம். கையி பட்டு அமுங்கியிருக்கும். அழிச்சிரு."

அழிக்கவில்லை. நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.